ஒழுக்கசீலருக்கு ஆறு மடங்கு விலை

1

மார்க் ட்வைனின் முதல் நாவலை இன்று நாவலாகப் படிப்பவர்கள் குறைவு. ‘தி கில்டட் ஏஜ்’, 1873-இல் வந்தது. ஹார்ட்ஃபோர்டில் பக்கத்து வீட்டிலிருந்த சார்லஸ் டட்லி வார்னரோடு சேர்ந்து, அத்தியாயங்களைப் பங்கு பிரித்துக்கொண்டு எழுதியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில்பாதைகளும் பெருமுதலாளிகளும் ஊழலும் ஒன்றாகச் செழித்த அமெரிக்கக் காலகட்டத்துக்கு, வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு இந்த நாவலின் தலைப்பையே பெயராக வைத்துக்கொண்டார்கள். முலாம் பூசிய காலம். பெயரைக் கொடுத்த நாவல் அப்படியே அலமாரிக்குப் போய்விட்டது.

போனதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்கும் வண்டி அது. ஒருவர் கேலிச்சித்திரம் வரைகிறார், இன்னொருவர் காதல் கதை சொல்கிறார். நடுவில் ஒரு கொலை, ஒரு நீதிமன்றம், ஒரு திடீர் மரணம். ஆனா இதே நாவலின் 28-ஆம் அத்தியாயத்தில் ட்வைன் ஒரு செலவுப் பட்டியல் எழுதியிருக்கிறார். அரசாங்கத்துக்குள் பணம் எப்படி நுழைகிறது என்பது பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட அந்த இரண்டு பக்கம் எனக்கு அதிகம் சொன்னது.

சூழல் இது. மிசௌரி மாநிலத்தில் ஸ்டோன்ஸ் லேண்டிங் என்று ஒரு குக்கிராமம். அதை ஒட்டி ஓடுவது வாய்க்கால் மாதிரி ஒன்று. கர்னல் செல்லர்ஸ் என்ற கனவு வியாபாரியும் ஹாரி பிரையர்லி என்ற இளைஞனும் அந்த வாய்க்காலுக்கு கொலம்பஸ் நதி என்றும், ஊருக்கு நெப்போலியன் என்றும் பெயர் சூட்டுகிறார்கள். நதியை ஆழப்படுத்திக் கப்பல் விட வேண்டும் என்று வாஷிங்டனில் காய் நகர்த்த, காங்கிரஸ் 2,00,000 டாலர் ஒதுக்குகிறது. வேலை ஆரம்பிக்கிறது. பணம் மட்டும் வரவில்லை. ஹாரி நியூயார்க்கில் கம்பெனி அலுவலகத்துக்கே போய், ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்கிறான். கம்பெனித் தலைவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் கணக்குச் சொல்கிறார்.

பிரதிநிதிகள் சபைக் கமிட்டியில் பெரும்பான்மை, ஆளுக்கு 10,000 வீதம் 40,000 டாலர். செனட் கமிட்டிக்கு அதே 40,000. கமிட்டித் தலைவர்கள் ஓரிருவருக்கு மேலதிகமாக 20,000. ஏழு ஆண் தரகர்கள், தலைக்கு 3,000. ஒரு பெண் தரகர், அவருக்கு மட்டும் 10,000. பணம் இல்லாமல் எதற்குமே ஓட்டுப் போடாத சில்லறை உறுப்பினர்கள் இருபது பேர், ஆளுக்கு 500. விருந்துகளுக்கு 10,000. உறுப்பினர்களின் மனைவி மக்களுக்குப் பரிசுப் பொருட்கள், அதற்கு 10,000. பிறகு வரைபடம், துண்டறிக்கை, பத்திரிகை விளம்பரம் என்று அச்சுச் செலவு மட்டும் 1,18,254 டாலர் 42 சென்ட். அந்த 42 சென்ட்டில்தான் ட்வைன் இருக்கிறார்.

கூட்டிப் பார்த்தால், காங்கிரஸ் கொடுத்த பணத்தைவிட அதைக் கொடுக்கவைக்க ஆன செலவு அதிகம். கடைசியில் சம்பளம் கேட்டு வந்த ஹாரியே கம்பெனிக்குக் கடன்காரன் ஆகிறான்.

நான் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டேன். ஒழுக்கசீலர்கள் என்று பேர் வாங்கிய உறுப்பினர்கள் பத்துப் பேர், ஆளுக்கு 3,000 டாலர். இவர்களுக்கு ஏன் விலை கூடுதல் என்பதற்கும் தலைவரிடம் காரணம் இருக்கிறது. மசோதாவுக்கு ஒரு கௌரவத்தைக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான்.

சில்லறை உறுப்பினருக்கு 500. நல்லவருக்கு 3,000. ஆறு மடங்கு.

2

நான் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன். எஸ்டிமேட் ஷீட் போடுவது எங்கள் அன்றாடம். எந்த புராஜெக்ட்டிலும் ஒருவருக்கு உண்மையில் எது முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் அவர் பேச்சைக் கேட்பதைவிட ஷீட்டைப் பார்ப்பது நல்லது. ‘தரம்தான் எங்கள் உயிர்’ என்பார்கள். டெஸ்டிங்குக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பழக்கத்தில் ட்வைனின் ஷீட்டைப் பார்த்தபோதுதான், அரசியல் பாசாங்கைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் விதம் எங்கே இடறுகிறது என்று புரிந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் சொல்வோம். படிப்பது ஒரு பக்கம், இடிப்பது இன்னொரு பக்கம், இரண்டும் பொருந்தவில்லையே என்கிற ஆத்திரம் அந்தப் பழமொழியில் இருக்கிறது. ட்வைனின் பட்டியலில் இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ராமாயணம் படிக்கிறவர் என்பதால்தான் இடிக்கும் காண்டிராக்ட் அவருக்குக் கூடுதல் ரேட்டில் போகிறது. எல்லோருக்கும் தெரிந்த திருடன் ஒரு மசோதாவை ஆதரித்தால் மசோதாவின் மீது சந்தேகம் வரும். நல்லவர் ஆதரித்தால் சந்தேகம் போகும். அந்தச் சந்தேக நிவர்த்திக்குத்தான் வித்தியாசத் தொகையான 2,500 டாலர்.

இதே அத்தியாயத்தில் கம்பெனித் தலைவர் இன்னொரு தொழில் ரகசியமும் சொல்கிறார். இந்த மாதிரி திட்டத்தை விளம்பரப்படுத்த மதப் பத்திரிகைதான் சிறந்த இடமாம். நடுவில் இரண்டு வேத வசனம், கொஞ்சம் மதுவிலக்கு, ஞாயிறு பள்ளி, உழைக்கும் ஏழை மக்கள்மீது கண்ணீர். இவ்வளவும் போட்டால் நாடே மயங்கும் என்கிறார். பாசாங்கு இங்கே திருட்டை மூடும் திரை இல்லை. அது தனியாக விலைபேசி வாங்கி வைக்கப்படும் சரக்கு.

நாவலின் நிஜமான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் வாசிப்பு. ஆனால் நாவல் தன் கண்டுபிடிப்பைத் தானே நம்பவில்லை. அதுதான் அதன் பலவீனம்.

3

செனட்டர் டில்வர்த்தி இந்த நாவலின் வில்லன். ஞாயிறு பள்ளிகளில் குழந்தைகளுக்கு நீதி சொல்வார். வாயைத் திறந்தால் தேவன், ஜெபம், கருணை. விடுதலையான கறுப்பின மக்களுக்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில், டென்னிஸி மாநிலத்து மலைநிலத்தை அரசு 30 லட்சம் டாலருக்கு வாங்க ஒரு மசோதா கொண்டுவருகிறார். கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். அவரது மறுதேர்தல் நாளில் நோபிள் என்ற சட்டமன்ற உறுப்பினர் எழுந்து, தன் ஓட்டுக்காக டில்வர்த்தி கொடுத்த 7,000 டாலரை எல்லோர் முன்னாலும் வைக்கிறார்.

இது கற்பனை இல்லை. அன்று செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1873 ஜனவரியில் கான்சாஸ் சட்டமன்றத்தில் அலெக்சாண்டர் யார்க் என்ற உறுப்பினர் எழுந்து, செனட்டர் சாமுவேல் பாமராய் தன் ஓட்டுக்குக் கொடுத்தது என்று 7,000 டாலரை மேசைமேல் வைத்தார். ட்வைனும் வார்னரும் தொகையைக்கூட மாற்றவில்லை. பாமராய் தேர்தலில் தோற்றார். விசாரித்த செனட் கமிட்டியின் பெரும்பான்மை, குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. அதற்குள் அவர் பதவிக்காலமே முடிந்துவிட்டது. நாவலில் இது இன்னும் கூர்மை. செனட் டில்வர்த்தியை விட்டுவிடுகிறது, அவர் பாக்கிச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார், ஊர் அவருக்கு வரவேற்பு கொடுக்கிறது.

டில்வர்த்தியை வாசிக்கும்போது நன்றாகச் சிரிக்கலாம். நான் சிரித்தேன். ஆனால் அசல் பாமராயைப் பற்றித் தேடிப் படித்தபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிட்டது. ஏனென்றால் அவர் முழுப் பொய்யர் இல்லை. அடிமைமுறையை எதிர்த்து 1854-இல் கான்சாஸுக்குக் குடிபெயர்ந்தவர்களில் ஒருவர். 1860 வறட்சியில் கான்சாஸ் மக்களுக்கு நிவாரணம் திரட்டிய வேலைக்குத் தலைமை தாங்கியவர். 1868-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை செனட்டில் முன்வைத்தவர். அன்றைக்கு அதனால் அவருக்கு ஒரு லாபமும் இருந்திருக்க முடியாது. ரயில்வே மானியங்களுக்குப் பின்னால் அலைந்ததால் ‘மானிய பாம்’ என்று கேலிப் பெயர் வாங்கியவரும் இவரேதான்.

டில்வர்த்தி ராமாயணத்தை நம்பாமல் படித்தவர். பாமராய் நம்பியே படித்திருக்கக்கூடும். ட்வைன் அந்த நம்பிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் வேஷத்தை வைத்துக்கொண்டார். நையாண்டிக்கு அது வசதி. ஆனால் தன் 28-ஆம் அத்தியாயத்துக்கே அவர் செய்த துரோகமும் அதுதான். அந்தப் பட்டியலில் ஒழுக்கசீலருக்கு ஆறு மடங்கு கொடுக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. போலிச் சரக்குக்கு யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள். ஊர் நம்பும் நல்ல பேர், அதற்குப் பின்னால் கொஞ்சமாவது நிஜமான நல்ல காரியம், இரண்டும் இருந்தால்தான் சரக்கு விலை போகும்.

இன்றைக்கு நம் ஃபீடில் வரும் அரசியல் கேலி பெரும்பாலும் டில்வர்த்தி வகைதான். இடது பக்கம் அன்று சொன்னது, வலது பக்கம் இன்று செய்தது, நடுவில் வடிவேலு. பார்த்ததும் ஒரு திருப்தி வருகிறது. ஆள் மாட்டிக்கிட்டான். இந்தத் திருப்திக்கு ஒரு முன்முடிவு தேவை: பாசாங்குக்காரன் ஒரு விதிவிலக்கு, அவனைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் சபை சுத்தமாகிவிடும். ஆனால் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. ஆட்கள் மாறலாம், அந்த வரி அப்படியே இருக்கும்.

4

ட்வைன் தவறவிட்டதை ஏழு ஆண்டுகள் கழித்து ஹென்றி ஆடம்ஸ் பிடித்தார். 1880-இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்த ‘டெமாக்ரசி’ நாவல் அவருடையது. கொள்ளுத் தாத்தாவும் தாத்தாவும் அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த குடும்பம். அதிகாரத்தை வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்து வளர்ந்தவருக்குக் கேலிச்சித்திரம் தேவைப்படவில்லை.

மேட்லின் லீ என்ற இளம் விதவை, அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று நேரில் பார்க்க நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிவருகிறாள். இலினாய்ஸ் செனட்டர் ராட்கிளிஃப் அவளை மணக்க விரும்புகிறார். அவர் முன்பு ஒரு கப்பல் கம்பெனியின் மானிய மசோதாவை எதிர்த்தவர், 1,00,000 டாலர் கைமாறிய பிறகு எதிர்ப்பை விட்டவர் என்று ஒரு கடிதம் அவள் கைக்கு வருகிறது. அவரிடமே கேட்கிறாள்.

டில்வர்த்தியாக இருந்தால் கையை வானத்துக்கு உயர்த்தியிருப்பார். ராட்கிளிஃப் மறுக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடத் தன் பைக்கு வரவில்லை என்கிறார். ஜனாதிபதித் தேர்தல் நேரம், கட்சிக்குப் பணம் தேவை, கட்சி தோற்றால் நாடு கெட்டவர்கள் கையில் போயிருக்கும், மேலிடம் சொன்னது, செய்தேன். இதுதான் அவர் வாதம். ஆடம்ஸின் சாமர்த்தியம், இந்த வாதத்தை அவர் பலவீனமாக எழுதவில்லை என்பது. வாசிக்கும்போது ஒரு நிமிஷம் தலையாட்டிவிடுவோம். மேட்லினால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளால் அவரை மறுக்க முடிகிறது, ஊரைவிட்டுப் போக முடிகிறது. அவ்வளவுதான்.

‘எனக்காக இல்லை, கட்சிக்காக.’ இந்த வரிசையில் நான் பார்க்கும் மிக ஆபத்தான வாக்கியம் இதுதான். சொல்கிறவர் இதைச் சொல்லும்போது பாசாங்கே செய்யவில்லை.

ட்வைனுக்கும் ஆடம்ஸுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை அமெரிக்காவின் பிற்கால வரலாறு தெளிவாக்கிவிட்டது. மேசைமேல் கட்டுக்கட்டாகப் பணம் வைப்பது குறைந்தது. பதிவு செய்து, படிவம் நிரப்பி, சட்டப்படி செய்யும் தொழிலாக லாபி மாறியது. 2023-இல் அமெரிக்க மத்திய அரசிடம் லாபி செய்வதற்கென்று கணக்கில் காட்டப்பட்ட செலவு மட்டும் 400 கோடி டாலருக்கு மேல்.

ஒரே ஒரு உதாரணம். 2003-இல் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவும் சேர்க்கப்பட்டது. நல்ல சட்டம், பலருக்கு உதவியது. ஆனால் உள்ளே ஒரு பிரிவு: மருந்து விலையைக் குறைக்கச் சொல்லி மருந்துக் கம்பெனிகளிடம் அரசு பேரம் பேசக்கூடாது. லட்சக்கணக்கில் வாங்கும் ஒரு வாடிக்கையாளர், பேரம் பேச மாட்டேன் என்று தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். சட்டத்தை முன்னின்று நகர்த்தியவர்களில் ஒருவர், சபையின் எரிசக்தி-வணிகக் கமிட்டித் தலைவர் பில்லி டாஸின். 2005 ஜனவரியில் பதவி முடிந்ததும், மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே அவர் தலைவரானார். ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் சம்பளம் என்று அப்போது செய்திகள் வந்தன. நடுவில் அவருக்குப் புற்றுநோய் வந்தது, புதிய மருந்து ஒன்று தன்னைக் காப்பாற்றியது என்று சொன்னார். அதைப் பொய் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் மருந்துத் தொழிலை மனசார நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையால் பேரம் பேசக்கூடாது என்ற பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சில மருந்துகளுக்காவது பேரம் பேசலாம் என்று சட்டம் வர 2022 ஆனது. பத்தொன்பது வருஷம்.

இங்கே யார்க் மாதிரி எழுந்து மேசைமேல் வைக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. எல்லாமே சட்டப்படி.

5

ராட்கிளிஃபின் அந்த வாக்கியத்தை நாம் தமிழில், இந்தியில், ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். தேர்தல் பத்திரங்கள் அந்த வாக்கியத்துக்கு நம் நாட்டில் கட்டிய வீடு.

2017 பிப்ரவரி 1 அன்று அருண் ஜேட்லி வாசித்த பட்ஜெட் உரையில் இந்தத் திட்டம் வந்த பகுதியின் தலைப்பு, தேர்தல் நிதியில் வெளிப்படைத்தன்மை. ரொக்க நன்கொடைக்கு 2,000 ரூபாய் என்று வரம்பு வந்தது. கேட்க நன்றாக இருந்தது. கூடவே வந்த திருத்தங்கள் வேறு கதை. ஒரு கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்ற வரம்பு நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டியதில்லை என்றானது. யார் கொடுத்தது என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது, வாங்கிய கட்சி நினைத்தால் தெரிந்துகொள்ளலாம். இதன் பெயர் வெளிப்படைத்தன்மை. ட்வைனின் கம்பெனித் தலைவர் அங்கே உட்கார்ந்திருந்தால், அந்தத் தலைப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தொழில்முறை ஆர்வத்தோடு விசாரித்திருப்பார்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அடுத்த மாதம் வெளியான கணக்கில், 2019 ஏப்ரலுக்குப் பிறகு கட்சிகள் பணமாக்கிய பத்திரங்களில் ஏறக்குறைய பாதி, 6,000 கோடி ரூபாய்க்கு மேல், திட்டத்தைக் கொண்டுவந்த பா.ஜ.க.வுக்குப் போயிருந்தது.

இந்த இடத்தில் நம்மில் பலர் கட்டுரையை ஷேர் பண்ணிவிட்டுப் போய்விடுவோம். போக வேண்டாம். பத்திரங்களை அதிகம் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதன் தொழில் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. தி.மு.க. பத்திரங்கள் மூலம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரு நிறுவனம் கொடுத்தது. தீர்ப்பு வந்த அன்று அதை வரவேற்ற தலைவர்களில் மு.க.ஸ்டாலினும் ஒருவர். இந்தத் தகவலைத் தேர்தல் ஆணையத்திடம் கட்சியே கொடுத்தது, அதைச் செய்யாத பெரிய கட்சிகள் இருக்கின்றன என்பதும் உண்மை. பணத்துக்குப் பதிலாக அரசு எதையாவது செய்துகொடுத்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதை எழுதினாலே எனக்கு வரப்போகும் பதில் தெரியும். ‘அவங்க வாங்கும்போது நாம மட்டும் வாங்காம இருந்தா எப்படி எலெக்ஷன்ல நிக்கிறது? கெட்டவங்க ஜெயிச்சிடுவாங்களே.’ நண்பர்கள் இதை நேர்மையாகவே கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்கு ராட்கிளிஃபின் குரல் கேட்கிறது. நல்லவர்கள் ஜெயிக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணம் இருக்கும் இடத்தில்தான் கேட்க முடியும். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. ஏறி முடித்துப் பார்த்தால் நிற்பது கப்பல் கம்பெனியின் வாசலில். இத்தனைக்கும் வாங்கவே மாட்டோம் என்று சொல்லி, வழக்கும் போட்டு நின்ற மார்க்சிஸ்ட் கட்சி மாதிரியான விதிவிலக்குகள் நம் கண்முன்னால் இருந்தன. பத்திரம் வாங்காததால் அவர்கள் அழிந்துபோகவில்லை.

பாசாங்கைச் சுட்டிக்காட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பிரச்சினை. ‘இவன் சொன்னது என்ன, செய்தது என்ன’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் மனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அதைவிடச் சலிப்பான கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது? எந்த வரம்பு நீக்கப்பட்டது? அதனால் யாருடைய பேரம் பேசும் கை கட்டப்பட்டது? இந்தக் கேள்விகளில் மீம் போட முடியாது. நமக்குப் பிடித்த கட்சியிடம் கேட்கும்போது இவை இன்னும் கசக்கும். நான் நல்லவர் என்று நம்புகிறவரிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டியலில் அவருக்குத்தான் விலை அதிகம்.

கடைசியாக, அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒன்று. ஸ்டோன்ஸ் லேண்டிங்கில் நிஜமாகவே மண் வெட்டிய ஆட்கள் இருந்தார்கள். வாரக்கணக்கில் கூலி வராமல் அவர்கள் கலகம் செய்யும் காட்சியும் நாவலில் உண்டு. ட்வைன் அதையும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். பிறகு அவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். ரயில் வேறு ஊருக்குப் போகிறது, நெப்போலியன் நகரம் மறுபடி குக்கிராமம் ஆகிறது. நியூயார்க் அலுவலகத்தில் கம்பெனித் தலைவர் வரி வரியாக ஒப்பிக்கும் கணக்கில் விருந்துக்கு இடம் இருக்கிறது, பரிசுப் பொருளுக்கு இடம் இருக்கிறது, 42 சென்ட்டுக்கு இடம் இருக்கிறது. நதியில் இறங்கி மண் அள்ளியவனின் கூலிக்கு என்று ஒரு வரி நான் தேடிப் பார்த்தேன். இல்லை.